பெப்டைடு ஆராய்ச்சி: தேக சுகமும் நீண்ட ஆயுளும்

வயோதிகத்தைத் தள்ளிவைக்கும், தசையை வளர்க்கும், காயத்தை விரைவில் ஆற்றும் என்று கூறிப் பெப்டைடு என்னும் பெயருடைய மருந்துப் பொடிகள் பல நாடுகளில் சிறு கண்ணாடிக் குப்பிகளில் விற்கப்பட்டு வருகின்றன. குப்பியின்மேல் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று அச்சிட்டிருப்பினும், வாங்குவோர் அதைத் தம் தேகத்திலேயே ஊசியால் ஏற்றிக்கொள்கின்றனர். இதே வகுப்பைச் சேர்ந்த வேறு சில மருந்துகளோ கோடிக்கணக்கான மக்களுக்கு மெய்யாகவே பயன்பட்டு வருகின்றன. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கு வேண்டிய முதற்பாடங்கள் இங்கே சுருக்கமாகக் கூறப்படுகின்றன.

பெப்டைடு என்பது யாது?

பால், பருப்பு, முட்டை முதலியவற்றிலுள்ள புரதம், அமினோ அமிலங்கள் என்னும் 20 வகை மணிகளைக் கோத்த நீண்ட மாலை போன்றது. அம்மணிகள் ஏறக்குறைய ஐம்பதுக்கு உட்பட்ட குறுகிய மாலையே பெப்டைடு எனப்படும். தேகத்தில் ஓர் உறுப்பினின்று மற்றோர் உறுப்புக்குச் செய்தி கொண்டுசெல்லும் தூதர்களாகப் பல பெப்டைடுகள் வேலை செய்கின்றன. வாய்வழியாக உட்கொண்டால் வயிறும் குடலும் இவற்றை உணவைப் போலவே ஜீரணித்துவிடும். ஆதலின் இவ்வகை மருந்துகளிற் பெரும்பாலானவை ஊசி மூலமே செலுத்தப்படுகின்றன.

கறவை மாட்டில் ஒரு பெப்டைடு

இத்தூதருள் ஒன்றை மாடு வளர்ப்போர் அனைவரும் அறிவர். கன்று முட்டியவுடன் மாட்டின் மூளையடியிலுள்ள சுரப்பியினின்று ஆக்ஸிடோசின் வெளிப்பட்டு, இரத்தத்தின் வழியே மடியை அடைந்து, பாலை இறங்கச் செய்கிறது. இது ஒன்பது மணிகளே கொண்டது. 1953-இல் அமெரிக்க இரசாயன நிபுணர் வின்சென்ட் து வின்யோ இதனைச் செயற்கையாக ஆக்கினார். 1955-இல் நோபெல் பரிசு பெற்றார்.

பிரசவத்திற்குப்பின் தாய்மாரின் இரத்தப்போக்கைத் தடுத்து உயிர் காக்கும் மருந்து இது. இதனையே சிலர் கறவைதோறும் மாட்டுக்கு ஏற்றுகின்றனர். தினந்தோறும் ஏற்றப்படும் மாடு நாளடைவில் ஊசியின்றித் தானே பாலிறக்கும் இயல்பிற் குறைந்துபோகும். மாட்டின் உடல்நலத்திற்குத் தீங்காகும்படி ஊசியேற்றிப் பால் பெருக்க முயல்வது 1960-ஆம் வருடத்துப் பிராணிவதைத் தடைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி குற்றமுமாகும். மருந்து ஒன்றே, தேவையும் அளவும் கையாளும் முறையும் மாறியபோது நன்மை தீமையாகிறது.

இன்சுலின் கற்பித்த பாடம்

1921-இல் கானடா தேசத்து டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்போர் நாய்களின் கணையத்தினின்று நீரிழிவை அடக்கும் சாறு ஒன்றை எடுத்தனர். 1922 ஜனவரி 11-ஆம் தேதி, மரணத் தறுவாயிலிருந்த 14 வயதுச் சிறுவனுக்கு மாட்டுக் கணையச் சாறு செலுத்தப்பட்டது. சாறு சுத்தமாயில்லாமையால் பயன் குறைந்து, ஊசியிட்ட இடமும் வீங்கியது. காலிப் என்னும் இரசாயன நிபுணர் அதனைச் சுத்தி செய்து தந்தபின், ஜனவரி 23-ஆம் தேதி மீண்டும் ஊசியிடப்பெற்றுச் சிறுவன் தேறினான். பொருள் ஒன்றேயாயினும் சுத்தம் வேறுபட்டமையால் பலனும் வேறுபட்டது.

பின்னர்ப் பல்லாண்டுகள் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையமே இன்சுலினுக்கு மூலப்பொருளாயிற்று. 51 மணிகளுள் மாட்டு இன்சுலின் மனிதனுடையதினின்று மூன்றிலும், பன்றியினுடையது ஒன்றிலுமே வேறுபடும். 1982 முதல் நுண்ணுயிர்களைக்கொண்டு ஆக்கிய மனித இன்சுலின் வழக்கிற்கு வந்தது.

சோதனையில் தேறியது

புது உரம் ஒன்றின் குணத்தை அறிய, ஒரு பாத்திக்கு அதனை இட்டு, அடுத்த பாத்திக்கு இடாது விட்டு, இரண்டன் விளைச்சலையும் நிறுத்துப் பார்ப்பது வழக்கம். மருந்துச் சோதனையும் அத்தகையதே. நீரிழிவுக்கும் உடற்பருமனுக்கும் கொடுக்கப்படும் செமக்ளூடைடு 31 மணிகள் கொண்ட பெப்டைடு. நீரிழிவின்றி, இருதய நோயும் மிகை எடையும் உடைய 17,604 பேரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினர்க்கு இதனையும் மறு பகுதியினர்க்கு மருந்தில்லா ஊசியையும் கொடுத்துச் சராசரி 40 மாத காலம் கவனித்த முடிவு 2023-இல் வெளியாயிற்று. இருதய நோயால் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 6.5 பேருக்கும், பெறாதோரில் 8 பேருக்கும் நேர்ந்தன. ஆயினும் வயிற்றுக் கோளாறு முதலிய உபத்திரவங்களால் ஊசியை நிறுத்தியோர் முன்னவரில் நூற்றுக்கு 17 பேர்; பின்னவரில் 8 பேர். நன்மை, தீமை இரண்டும் எண்ணிக்கையில் தெரிந்திருப்பதே தேறிய மருந்தின் அடையாளம்.

சோதனையில் தேறாதவை

பிபிசி-157 என்பது 15 மணிகள் கொண்டது. காயத்தை ஆற்றுமென்பதற்குக் காட்டப்படும் சான்றுகள் பெரும்பாலும் எலிகளிடம் கண்டவை. 2022 முதல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் விளையாட்டு வீரர்க்கு இதனை விலக்கியது.

வளர்ச்சிச் சுரப்பைத் தூண்டி இளமை தருமெனச் சில பெப்டைடுகள் விற்கப்படுகின்றன. ஆனால் 1996-இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், வளர்ச்சிச் சுரப்பின்றிப் பிறந்த குள்ளச் சுண்டெலிகளே மற்றவற்றினும் நெடுங்காலம் வாழ்ந்தன. ஆகவே தசை பருப்பதையும் ஆயுள் நீள்வதையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. மனிதரின் ஆயுளை நீட்டுவதாக மெய்ப்பிக்கப்பட்ட பெப்டைடு எதுவும் இல்லை.

கவனிக்க வேண்டியவை

1. சான்று மனிதரிடம் கண்டதா, பிராணிகளிடம் மட்டும் கண்டதா என்று விசாரிக்கவும்.

2. மருந்து பெறாதோருடன் ஒப்பிட்ட சோதனை நடந்ததா என்று கேட்கவும்.

3. உரிமம், தயாரிப்பு எண், காலாவதித் தேதி இல்லாத குப்பியை வாங்கலாகாது. சான்றில்லாத விதையால் ஒரு போகம் கெடும். அசுத்தமான ஊசியால் தேகமே கெடும்.

4. 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று குறித்த மருந்து மனிதருக்கென ஆக்கப்பட்டதன்று.

5. நீரிழிவுக்கு இன்சுலின் பெறுவோர் வேறு ஊசியை நம்பி அதனை நிறுத்தலாகாது. மாற்றம் வேண்டின் வைத்தியரைக் கலந்தே செய்ய வேண்டும்.

6. மாட்டுக்கு ஊசி கால்நடை வைத்தியர் சொல்லியே இடப்படல் வேண்டும். பெயர்ச்சீட்டில்லாத ஆக்ஸிடோசின் குப்பிகள் விற்கப்படின், கிராம அதிகாரிகள் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு உடனே தெரிவித்தல் நலம்.