மடை திறக்கும் நாட்கள்

பாபநாசம் அணையில் நீர் குறைந்துவிட்டால் அம்பாசமுத்திரம் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். நடுராத்திரியானாலும் மண்வெட்டியும் டார்ச்சுமாக மடையில் போய் நிற்க வேண்டும். முறை தவறினால் பயிர் வாடும். சட்டப்பேரவையில் நேரமும் அப்படித்தான் பங்கிடப்படுகிறது. எந்த நாளில் எந்தத் துறை, எத்தனை நாள் கூட்டம் என்று முறை வைப்பது அலுவல் ஆய்வுக் குழு. அதற்குச் சபாநாயகரே தலைவர். 2006 முதல் 2011 வரை சபாநாயகராக இருந்தவர் அம்பாசமுத்திரம் தொகுதி உறுப்பினர் ஆவுடையப்பன்.

பேரவையை ஒத்திவைப்பவர் சபாநாயகர். கூட்டத்தொடரை முடித்துவைப்பவர் ஆளுநர். முடித்துவைத்தாலும் நிலுவையில் உள்ள மசோதா காலாவதியாவதில்லை. பேரவை நடக்காத நாட்களில் அவசரம் வந்தால் ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம். பேரவை மறுபடி கூடி ஆறு வாரம் ஆனதும் அதன் உயிர் போய்விடும். ஆனால் விடுமுறை எவ்வளவு நீளலாம்? அரசியலமைப்பின் 174ஆவது பிரிவு ஆறு மாதத்தில் கோடு போட்டிருக்கிறது. 2020இல் கொரோனாவால் பட்ஜெட் கூட்டத்தொடர் மார்ச் 24ஆம் தேதியே சுருட்டப்பட்டது. கெடு நெருங்கியதும் செப்டம்பர் 14 அன்று கலைவாணர் அரங்கத்தில் கூடினார்கள். மூன்றே நாள். அதிலும் முதல் நாள் இரங்கல் தீர்மானத்தோடு முடிந்தது.

தேர்தல் வந்தாலும் இடைவெளி விரியும். 2024இல் பிப்ரவரி 19 அன்று பட்ஜெட் வாசிக்கப்பட்டது. 22ஆம் தேதி பேரவை ஒத்திவைக்கப்பட்டது. மக்களவைத் தேர்தல் முடிந்து மறுபடி கூடியது ஜூன் 20 அன்று. விக்கிரவாண்டி இடைத்தேர்தலும் எதிரே நின்றதால் ஜூன் 29க்குள் எல்லா மானியக் கோரிக்கைகளையும் முடித்தாக வேண்டியிருந்தது. காலையும் மாலையும் அவை நடந்தது.

துறைவாரியாக மானியக் கோரிக்கை வரும் நாளில் ஒரு தொகுதியின் வாய்க்கால், பாலம், ஆஸ்பத்திரி பற்றி அமைச்சரை நேருக்கு நேர் கேட்க முடியும். நாடாளுமன்றத்தில் 1993 முதல் பட்ஜெட் கூட்டத்தொடரின் நடுவே இடைவேளை விட்டு, துறை நிலைக்குழுக்கள் கணக்கை அலசுகின்றன. தமிழகப் பேரவையில் அந்த ஏற்பாடு கிடையாது. இங்கே அவையில் கிடைக்கும் மணி நேரமே எல்லாம். ஆகவே நாட்களைச் சுருக்குவதை நிர்வாக வசதி என்று என்னால் ஏற்க முடியவில்லை. அது தொகுதியின் பங்கிலிருந்து வெட்டுவது.

அந்த 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி விஷச்சாராயச் சாவுகளால் அவை கொந்தளித்தது. நியாயமான கொந்தளிப்பு. 26ஆம் தேதி அதிமுக உறுப்பினர்கள் எஞ்சிய கூட்டத்தொடர் முழுவதற்கும் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அப்போது அம்பாசமுத்திரம் அதிமுக கையிலிருந்த தொகுதி. பாபநாசம் அணைத் தண்ணீரை நம்பிக் கார் சாகுபடி தொடங்கும் மாதம் அது.