மழையும் கோப்பையும்

தாராவிச் சந்துகளில் மழைக்காலம் வந்தால் மட்டையை மூலையில் சாத்திவிடுவார்கள். நடந்தே போய்விடக்கூடிய மாட்டுங்காவிலோ அப்போதுதான் ஆட்டம் களைகட்டும். டாக்டர் ஹோர்மஸ்ஜி காங்காவின் பெயரில் 1948-இல் தொடங்கிய காங்கா லீக், மழைக்காலத்து ஞாயிறுகளுக்கென்றே உண்டான போட்டி. பிட்ச்சை மூடி வைக்கும் வழக்கம் கிடையாது. ஈர மண்ணில் குத்தும் பந்து ஒருமுறை காலடியில் தவழும், மறுமுறை முகவாய்க்கு எழும். மைதானத்தில் புல் வளர்ந்திருக்கும். தரையோடு அடித்த பந்து நடுவழியில் நின்றுவிடும். ரன் வேண்டுமென்றால் தூக்கித்தான் அடிக்க வேண்டும். தட்கர் மைதானத்தின் தாதர் யூனியன் அணியிலிருந்து வந்த சுனில் கவாஸ்கரும் திலீப் வெங்சர்க்காரும் இந்தச் சேற்றில் தேறியவர்கள்தாம். சச்சின் டெண்டுல்கர் 1984-இல், 11 வயதில், இந்த லீக்கில் இறங்கினார். ஆட்டமே நடக்காமல் போகும் ஞாயிறுகளும் உண்டு. அதனால் என்ன, அடுத்த ஞாயிறு இருக்கிறது.

கோப்பை என்று வந்துவிட்டால் இந்தப் பொறுமை செல்லாது. 1992 உலகக் கோப்பை அரையிறுதியில், சிட்னியில், தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்துகளில் 22 ரன் தேவைப்பட்டது. மழை நின்றபோது மிஞ்சியது ஒரே பந்து. ரன்னில் குறைந்ததும் ஒன்றே ஒன்று. அந்தக் கூத்துக்குப் பிறகுதான் டக்வொர்த் லூயிஸ் கணக்கு 1997-இல் களத்துக்கு வந்தது. கணக்கு வந்தும் 2002 சாம்பியன்ஸ் டிராபியின் இறுதிப் போட்டியைக் காப்பாற்ற முடியவில்லை. கொழும்பில் இலங்கை இரண்டு நாளும் முழுதாக 50 ஓவர் ஆடியது. முதல் நாள் ஆட்டத்தைத் தொடராமல் மறுநாள் புதிதாகத் தொடங்கியதால், இந்தியா முதல் நாள் 2 ஓவரும் மறுநாள் 9 ஓவருக்குக் குறைவாகவும் ஆடியதோடு சரி. கோப்பையை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். அமெரிக்கப் பேஸ்பாலில் 2008 உலகத் தொடரின் ஐந்தாம் ஆட்டம் பிலடெல்பியாவில் மழையால் பாதியில் நின்றது. இரண்டு நாள் கழித்து, விட்ட இடத்திலிருந்தே ஆடி முடித்தார்கள். எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது.

2023 ஐபிஎல் இறுதிப் போட்டியை, சென்னைக்காக விழித்திருந்த தாராவித் தமிழர்கள் மறக்கமாட்டார்கள். மே 28 முழுதும் மழைக்கே போனது. மறுநாள் சாய் சுதர்சன் 96 அடிக்க, குஜராத் 214 எடுத்தது. சென்னை மூன்று பந்து ஆடியதும் மீண்டும் மழை. நள்ளிரவு தாண்டி 15 ஓவரில் 171 என்று இலக்கு மாறியது. கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர். 1992-இன் அநியாயம் இனி நடக்காது; அது பெரிய லாபம். ஆனால் ஈரப் பிட்ச்சில் ஆடத் தெரிந்தவருக்கு அந்த வித்தையால் இன்று ஒரு ரன்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. அன்றிரவு அகமதாபாத்தில் மையப் பிட்ச் மூடாக்கின் அடியில் பத்திரமாகவே இருந்தது. ஓரத்துப் பயிற்சிப் பிட்ச் நனைந்துவிட்டது. அது காய்வதற்காகத்தான் அத்தனை நேரம் காத்திருந்தார்கள். காங்கா லீக்கில் அப்படிக் காத்திருந்தால் செப்டம்பரே முடிந்துவிடும்.