ஆம்பளப் பிள்ளை அழலாமா?

2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறினாலும் எங்களுக்கு அது பத்தாங் பெர்ஜுந்தாய்தான். அங்கே தோட்டத்தில் வளர்ந்த எனக்குக் கிடைத்த முதல் பாடம், "ஆம்பளப் பிள்ளை அழலாமா?"

நான் ஐந்தாம் படிவம் படித்தபோது தாத்தா இறந்தார். அப்பா அழவில்லை. காரியம் முடிந்ததும் செம்பனைக் குலை வெட்டப் போய்விட்டார். அதன்பின் தூக்கமில்லை, தொட்டதற்கெல்லாம் கோபம், மாலையானால் குடி. மனச்சோர்வு ஆண்களிடம் இப்படியும் வெளிப்படும் என்பதைப் பல்கலைக்கழகம் வந்த பிறகே அறிந்தேன்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஆண்களின் தற்கொலை விகிதம் பெண்களுடையதைவிட இரு மடங்குக்கும் அதிகம். நம் நாட்டில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை நீக்க நாடாளுமன்றம் 2023இல் வாக்களித்தது. சட்டம் மாறியது, நம் பேச்சு மாறவில்லை.

நண்பர்களே, விடுமுறைக்கு வீடு செல்லும்போது, "சாப்பிட்டீங்களா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். கடந்த தீபாவளிக்கு நான், "தூக்கம் வருதாப்பா?" என்று கேட்டேன். நெடுநேரம் கழித்து, "இல்லடா" என்றார். மறுவாரம் இருவரும் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனோம். வீரம் குறையவில்லை, பாரம்தான் குறைந்தது.