கெனிங்காவிலிருந்து உலக முதலிடம் வரை: கோல்ப் வீரர் விஜய் சிங்

ஈப்போ நகரின் ராயல் பேராக் கோல்ப் மன்றத்தைக் கடந்து செல்லும் நம் தோட்ட மக்கள், அதன் பச்சைத் திடலை வெளியிலிருந்து பார்த்திருப்பர். கோல்ப் என்றாலே பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் மிகுதி. ஆயினும் அதனையே பிழைப்பாகக் கொண்டோரும் உளர். அப்பிழைப்பின் இயல்பு பால்மரம் வெட்டுவோருக்கு எளிதில் விளங்கும்.

தொழில்முறைப் போட்டி பெரும்பாலும் நான்கு நாள் நடைபெறும். நாளொன்றுக்குப் பதினெட்டுக் குழிகள். மொத்தத்தில் மிகக் குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றியாளர். இரண்டாம் நாள் முடிவில் பின்தங்கியோர் நீக்கப்படுவர். அவர்களுக்குப் பொதுவாகப் பரிசுப் பணம் இல்லை. பயணச் செலவும் தங்கும் செலவும் அவரவர் பொறுப்பு. மழையால் வெட்டு நின்றுபோன நாளின் கணக்கை அறிந்தோருக்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை.

இத்தொழிலில் உலக முதலிடம் பெற்ற விஜய் சிங், ஒரு காலத்தில் நம் நாட்டில் உழைத்தவர் என்பதைப் பலர் அறியார். அவர் 1963-ஆம் ஆண்டு பிஜித் தீவின் லௌடோகாவில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தார். கரும்புத் தோட்டங்களுக்காக 1879 முதல் 1916 வரை இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்ட தீவு அது. தமிழரும் அவர்களுள் இருந்தனர். விமானப் பழுதுபார்ப்பாளரான தந்தையே அவருக்கு ஆட்டத்தைக் கற்பித்தார்.

1982-இல் தொழில்முறை ஆட்டக்காரரானார். 1984-இல் மலேசியத் தொழில்முறை ஆட்டக்காரர் போட்டியில் வென்றார். அடுத்த ஆண்டே இடி விழுந்தது. கோல்ப் ஆட்டத்தில் ஒவ்வொருவரும் தம் அடிக்கணக்கு அட்டையில் கையொப்பமிட்டுத் தரவேண்டும். 1985-இல் இந்தோனேசியாவில் நடந்த போட்டியில் அவ்வட்டையைத் திருத்தினார் என்று அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. அது தவறான புரிதலால் நேர்ந்தது என்றார் அவர். ஆசியப் போட்டிகளில் ஆட அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. அதன் பின் அவர் என்ன செய்தார் என்பதே நாம் காண வேண்டியது.

சபாவின் கெனிங்காவ் மன்றத்திலும், பின்னர் சரவாக்கின் மீரி மன்றத்திலும் பயிற்றுநர் வேலையில் அமர்ந்தார். சிறு கட்டணத்திற்கு உறுப்பினர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதே அவ்வேலை. பார்ப்பாரில்லை, பரிசில்லை. ஓய்வு நேரமெல்லாம் அவர் வெயிலில் தனியே நின்று பந்தடித்துப் பழகினார். பணமும் புகழும் வந்த பிறகும் அப்பழக்கம் அவரை விடவில்லை. மற்றவர் ஓய்வெடுக்கச் சென்ற பின்னும் பயிற்சித் திடலில் இருப்பவர் என்றே கோல்ப் உலகம் அவரை அறியும்.

அவர் அடித்த அந்தப் பந்துக்கும் நமக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1848-ஆம் ஆண்டளவில் கோல்ப் பந்து, மலாயாக் காடுகளில் வளர்ந்த கெத்தா பெர்ச்சா மரத்தின் பாலால் செய்யப்படலாயிற்று. 1898-இல் அமெரிக்கரான ஹாஸ்கெல் ரப்பர் இழையைச் சுற்றிப் பந்து செய்யும் முறையைக் கண்டார். கோலகங்சாரில் 1877-இல் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகள் அப்போது மரங்களாகி நின்றன. இன்றைய பந்தின் உட்கருவோ பெரும்பாலும் செயற்கை ரப்பர்.

விஜய் சிங்கிற்கு வழி திறந்தது ஆப்பிரிக்காவில். 1988-இல் நைஜீரியப் பொதுப் போட்டியில் வென்று, மறு ஆண்டு ஐரோப்பியப் போட்டிகளுக்குச் சென்றார். 1993-இல் அமெரிக்காவில் அவ்வாண்டின் சிறந்த புதுமுகம் எனப்பட்டார். 1998-இல் பிஜிஏ பட்டமும் 2000-இல் மாஸ்டர்ஸ் பட்டமும் கிட்டின. 2001-இல் மலேசியப் பொதுப் போட்டிக்காக இந்நாட்டிற்கு மீண்டும் வந்தார். சௌஜானா திடலில் அயர்லாந்தின் ஹாரிங்டனும் அவரும் சமநிலையில் முடிக்க, கூடுதல் ஆட்டத்தில் விஜய் சிங் வென்றார். தடையுண்டு கெனிங்காவுக்குச் சென்றவரின் கையில் மலேசியக் கிண்ணம்!

2004-இல் ஒன்பது போட்டிகளில் வென்று, ஐந்து ஆண்டுகளாக முதலிடத்தில் இருந்த டைகர் வுட்ஸை முந்தினார். அப்போது அவருக்கு வயது 41. அமெரிக்கத் தொடரில் அவர் பெற்ற 34 வெற்றிகளில் 22, நாற்பது வயதுக்குப் பின் வந்தவை. 2018-இல் மூத்த ஆட்டக்காரர்களுக்கான பெரும் பட்டம் ஒன்றையும் வென்றார். அன்று அவருக்கு வயது 55. நம் நாட்டில் முன்பு பலர் ஓய்வு பெற்று வந்த வயது அது.