சம்பளமே முதல்

தமிழில் ‘முதல்’ என்னும் சொல் தொடக்கத்தையும் குறிக்கும், வணிகத்தில் இடும் பணத்தையும் குறிக்கும்; முழுநேர வேலையில் இருந்துகொண்டே சிறு தொழில் ஒன்றைத் தொடங்குகிறவருக்கு மாதச் சம்பளமே இவ்விரண்டுமாக அமைகிறது. கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இத்தகைய முயற்சியைப் ‘பக்கத் தொழில்’ என்றோ ‘பார்ட் டைம்’ என்றோ சொல்வது வழக்கம். அலுவலகம் முடிந்து வந்து பலகாரம் சுட்டு விற்பவர், வார இறுதியில் திருமண மேடைகளை அலங்கரிப்பவர், இரவில் டியூஷன் எடுப்பவர், கைப்பேசி வழியே சேலை விற்பவர் என இதில் இறங்கியிருப்போர் பலவகையினர். தொழில்துறை ஆய்வாளர்கள் இதனைக் கலப்புத் தொழில்முனைவு என்கின்றனர். ஒருவர் ஒரே காலத்தில் ஓரிடத்தில் ஊழியராகவும் மற்றோரிடத்தில் உரிமையாளராகவும் இருப்பது என்பதே இதன் பொருள்.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று பெரியவர்கள் இதைப் பழிப்பதுண்டு. ஆனால் ஆராய்ச்சி அவர்கள் பக்கம் நிற்கவில்லை. ஜோசப் ராஃபி, ஜி ஃபெங் ஆகிய இருவரும் 1979 முதல் தொடர்ந்து எடுக்கப்பட்டுவந்த அமெரிக்கக் கணக்கெடுப்பு ஒன்றின் தரவுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட கட்டுரையில், வேலையில் இருந்தபடியே தொழிலை நடத்திப் பார்த்துவிட்டுப் பின்னர் முழுநேரமாக அதில் இறங்கியவர்களுக்கு, வேலையை விட்டுவிட்டு நேராக இறங்கியவர்களைவிடத் தொழிலைக் கைவிடும் அபாயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று கண்டனர். இதற்குக் காரணம் துணிச்சல் அல்ல. தமக்குத் தொழில் ஒத்துவராது என்று அறிந்தவர்கள் சம்பளம் கையில் இருக்கும்போதே ஓசையின்றி விலகிக்கொள்கின்றனர், எஞ்சியவர்களோ தவறுகளைச் சிறிய தொகையிலேயே செய்து கற்றுக்கொள்கின்றனர்.

இந்தியாவில் இதற்கு எல்லாரும் அறிந்த சான்று நிர்மா சலவைத்தூள். குஜராத் அரசின் நிலவியல், சுரங்கத் துறையில் வேதியியல் பணியாளராக இருந்த கர்சன்பாய் படேல், 1969-இல் தம் வீட்டிலேயே தூளைக் கலந்து, பொட்டலம் கட்டி, மிதிவண்டியில் வீடுவீடாகச் சென்று விற்கத் தொடங்கினார். சில ஆண்டுகள் கழித்தே அரசு வேலையை விட்டார். அன்றைய சந்தையை ஆண்ட சர்ஃபின் விலையில் ஒரு சிறு பகுதிக்கே அவரால் தூளைக் கொடுக்க முடிந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் அதிகம் பேசப்படாத ஒன்று, குடும்பத்தின் அரிசிச் செலவை அந்தத் தூளின் விலை சுமக்க வேண்டியிருக்கவில்லை என்பது. அதைச் சம்பளம் சுமந்தது.

மலேசியத் தமிழர்க்கும் இது புதிய பழக்கமன்று. காலையில் மரம் சீவிப் பால் நிறுத்துவிட்டு, பிற்பகலில் மாடு மேய்த்துப் பால் விற்ற தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் இரட்டை வருமானத்தின் இலக்கணத்தைப் பெயர் தெரியாமலே அறிந்திருந்தன. அதைவிடப் பெரிய முயற்சி 1960-இல் நடந்தது. ஐரோப்பிய நிறுவனங்கள் தம் ரப்பர்த் தோட்டங்களை விற்று வெளியேற, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றதால் தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்த அக்காலத்தில், அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளர்களின் கூலியிலிருந்தே சிறு சிறு தொகையைப் பங்குப் பணமாகத் திரட்டிய அந்தச் சங்கம், கெடாவிலிருந்த புக்கிட் சீடிம் தோட்டத்தைத் தன் முதல் தோட்டமாக வாங்கியது. உறுப்பினர்கள் கூலி வாங்குவதை நிறுத்தவில்லை. கூலி வாங்கிக்கொண்டே நிலத்தில் பங்குதாரரானார்கள். கூட்டுறவும் தனித்தொழிலும் ஒன்றல்ல என்றாலும், வேலையை இழக்காமல் வருமானத்தின் ஒரு துளியை உடைமையாக மாற்றும் வழி இரண்டிலும் ஒன்றே.

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியின் முதன்மைச் சாலை இன்று சம்பந்தன் பெயரைத்தான் தாங்குகிறது. இரயில்வே ஊழியர் குடியிருப்பாக வளர்ந்த அப்பகுதி, பின்னாளில் கடைவீதியாகி, 2010 அக்டோபரில் ‘லிட்டில் இந்தியா’ என்று முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. அரசு ஊழியரும் வணிகரும் அருகருகே வாழ்ந்த அத்தெருவிலேயே இந்தப் பொருளின் முதற்சிக்கலும் விளங்கும்: எல்லா ஊழியருக்கும் பக்கத் தொழில் நடத்தும் உரிமை ஒரே அளவில் இல்லை. அரசுப் பணியாளர்களுக்கு 1993-ஆம் ஆண்டின் பொதுப்பணி அதிகாரிகள் நடத்தை, ஒழுங்கு விதிமுறைகள் பொருந்தும்; அவற்றின் ஐந்தாம் விதி, துறைத்தலைவரின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி வெளிவேலையில் ஈடுபடுவதைத் தடுக்கிறது. அனுமதி கேட்பதற்குத் தயங்கி மனைவியின் பெயரிலோ தம்பியின் பெயரிலோ தொழிலைப் பதிந்துகொள்வது ஊரறிந்த தந்திரம். பெயர் கொடுத்தவரே கடனுக்கும் வரிக்கும் பொறுப்பாளி ஆவார் என்பதைப் பெயர் கேட்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. உறவு முறிந்த பல குடும்பங்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

தனியார் ஊழியருக்கு இத்தகைய பொதுவிதி இல்லை. அவரைக் கட்டுப்படுத்துவது நியமனக் கடிதமே. பணிக்காலத்தில் வேறு தொழில் செய்யக்கூடாது என்றோ, முன்அனுமதி பெற வேண்டும் என்றோ அதில் ஒரு வரி இருக்கக்கூடும். அப்படி ஒரு வரி இல்லாவிட்டாலும், முதலாளிக்கு நேர்மையாக உழைக்கும் கடமை ஊழியருக்கு உண்டு என்பது சட்டத்தின் நிலைப்பாடு. முதலாளியின் வாடிக்கையாளரைத் தன் பக்கம் இழுப்பது, அலுவலக நேரத்தில் சொந்த ஆர்டர்களைக் கவனிப்பது, நிறுவனத்தின் விலைப்பட்டியலையோ இரகசியங்களையோ பயன்படுத்துவது ஆகியவை பணிநீக்கத்துக்கு வழிவகுக்கும் தவறான நடத்தையாகக் கொள்ளப்படலாம். நியாயமின்றி நீக்கப்பட்டதாகக் கருதுபவர் 1967-ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்கீழ் 60 நாள்களுக்குள் முறையிடலாம் என்றாலும், அலுவலக அச்சுப்பொறியில் தன் கடையின் துண்டறிக்கையை அடித்தவருக்கு அந்த முறையீடு அதிகம் கைகொடுக்காது. வேலையை விட்ட பிறகோ நிலைமை வேறு. 1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 28-ஆம் பிரிவில், ஒருவரைச் சட்டப்படியான தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தங்களைச் சில விலக்குகள் நீங்கலாகச் செல்லாதவை என்கிறது. ஆதலால் “விலகிய பின் இரண்டு ஆண்டு இதே தொழில் செய்யக்கூடாது” என்ற மிரட்டல் வரி பொதுவாக மலேசியாவில் நிற்பதில்லை. இரகசியத் தகவலைக் காக்கும் கடமை மட்டும் தொடரும்.

சட்டம் விட்டாலும் கடிகாரம் விடுவதில்லை. 2023 சனவரி முதல் சட்டப்படியான வேலை நேரம் வாரத்துக்கு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது உண்மைதான். ஆனால் கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்குக் கொம்யூட்டர் இரயிலில் போய்வருபவர் அந்த மூன்று மணியைப் பயணத்திலேயே தொலைத்துவிடுகிறார். எனவே பக்கத் தொழிலின் உண்மையான இலாபத்தை மலேசிய வெள்ளியில் மட்டும் அளக்காமல் மணிக்கணக்கிலும் அளக்க வேண்டும். எடுத்துக்காட்டுக்காக, தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கிள்ளானில் முறுக்குச் சுட்டு விற்கும் ஓர் அலுவலக ஊழியரைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஒரு டப்பாவுக்கு மாவு, உளுந்து, எண்ணெய், எரிவாயு, டப்பா எல்லாம் சேர்த்து 9 வெள்ளி செலவாக, அதை 18 வெள்ளிக்கு விற்று, ஓர் இரவில் 12 டப்பா முடிக்கிறார் எனில் மீதம் 108 வெள்ளி. அடுப்பின்முன் நின்றது மூன்று மணி நேரம்தான் என்பதால் மணிக்கு 36 வெள்ளி என்று மகிழத் தோன்றும். ஆனால் கடையில் சாமான் வாங்கியதும், பாத்திரம் கழுவியதும், வாட்ஸ்அப்பில் பதில் எழுதியதும், ஜாலான் தெங்கு கிளானாவில் நெரிசலில் காத்து நின்றதும், வீடுவீடாகக் கொண்டு சேர்த்ததும் இன்னும் மூன்று மணி நேரம். பெட்ரோலும் டோலும் 12 வெள்ளி. ஆக மிஞ்சுவது மணிக்கு 16 வெள்ளி. மாதம் 4,000 வெள்ளி வாங்குபவருக்கு அவருடைய வேலையே மணிக்கு ஏறக்குறைய 20 வெள்ளி தருகிறது. முறுக்கை நிறுத்த வேண்டும் என்பது இதன் பொருளன்று. கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைக் கோயில் வாசல் போன்ற ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் முடித்தால் அதே முறுக்கு அலுவலக வேலையைவிட அதிகம் தரும் என்பதே. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்கள்தாம் ஆர்டர் குவிந்தும் கையில் காசில்லை என்று புலம்புகிறார்கள்.

இந்தச் சிக்கல்களோடு ஒப்பிட்டால் தொழிலைப் பதிவு செய்வது எளிய வேலை. தீபகற்ப மலேசியாவில் 1956-ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டப்படி, தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் அதனைப் பதிய வேண்டும். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக் கட்டணம் 30 வெள்ளி, வணிகப் பெயர் சூட்டினால் 60 வெள்ளி. பதியாமல் நடத்துவது குற்றம். உணவு விற்பவர் இதற்கும் மேலே, உணவு கையாளுநர் பயிற்சிச் சான்றிதழும் டைபாய்டு தடுப்பூசியும் பெற்றிருக்க வேண்டும்; இடத்துக்கான உரிமத்தைக் கோலாலம்பூரில் டிபிகேஎல்லும், கிள்ளானில் 2024-இல் அரச மாநகர் மன்றமாக உயர்ந்த உள்ளாட்சி மன்றமும் கவனிக்கின்றன. அடுக்குமாடியில் குடியிருப்பவர் நிர்வாகக் குழுவின் விதிகளையும் பார்த்துக்கொள்வது நல்லது.

எளிதாகக் கிடைக்கும் இந்தத் தனியுரிமைப் பதிவில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. சட்டத்தின் கண்ணில் தொழிலும் உரிமையாளரும் ஒரே ஆள். தொழில் பட்ட கடனுக்கு அவருடைய சேமிப்பும் காரும் வீடும் பொறுப்பாகும். கடன் ஓர் இலட்சம் வெள்ளியை எட்டினால் திவால் வழக்கும் வரக்கூடும். இதைத் தவிர்க்க விரும்புவோர் நிறுவனச் சட்டம் 2016-இன்கீழ் ஒருவரே உறுப்பினராக இருந்து செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனம் தொடங்கலாம். ஆனால் அதன் பதிவுக் கட்டணம் 1,000 வெள்ளி, அதன்பின் நிறுவனச் செயலாளருக்கான செலவு ஆண்டுதோறும் உண்டு. முறுக்குக்கும் டியூஷனுக்கும் அது அதிகம். பிறர் வீட்டு மின்சாரக் கம்பியில் கை வைக்கும் தொழிலுக்கு அது அதிகமன்று.

வருமான வரியில் சம்பளக்காரருக்கு ஓர் அனுகூலம் உண்டு, அதைப் பலர் அறிவதில்லை. சம்பளம் மட்டும் வாங்குபவர் பிஇ படிவத்தை ஏப்ரல் 30-க்குள் அளிப்பார். தொழில் வருமானமும் இருந்தால் பி படிவம், கடைசி நாள் ஜூன் 30. தொழிலில் அவ்வாண்டு நட்டம் வந்தால் அதனை அதே ஆண்டின் சம்பள வருமானத்தில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. ஆண்டுச் சம்பளம் 48,000 வெள்ளியும் தொழில் நட்டம் 4,000 வெள்ளியும் எனில், தனிநபர் கழிவுகளுக்கு முன் கணக்கில் வருவது 44,000 மட்டுமே. வேலையை விட்டுவிட்டு நட்டப்படுபவருக்கு இந்தச் சலுகையால் அவ்வாண்டில் பயனில்லை, ஏனெனில் கழிப்பதற்குச் சம்பளம் இல்லை. ஆனால் நட்டத்தைக் காட்ட இரசீது வேண்டும். கணக்குப் பதிவுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருப்பது கட்டாயம். சம்பளக் கணக்கிலேயே விற்பனைப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, எது எவ்விடத்துப் பணம் என்று ஆண்டிறுதியில் தேடுவதைவிடத் தனி வங்கிக் கணக்கு ஒன்று எவ்வளவோ மேல்.

சம்பளத்துக்கு மேல் பணம் தேவைப்படும்போது பழைய பழக்கம், சீட்டு என்றும் வழங்கும் கூட்டுப் பிடிப்பது. மலேசியச் சட்ட நூலில் ஏறிய தமிழ்ச் சொற்களில் இதுவும் ஒன்று. ஏறிய விதம்தான் பெருமைக்குரியதல்ல, 1971-இல் வந்தது கூட்டு நிதிகளைத் தடைசெய்யும் சட்டம். அதைத் தாண்டி ஆலோங் எனப்படும் வட்டி முதலைகளிடம் போவது பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அரசின் தொழிற்கடன் அமைப்பான டெக்குன் நேஷனலின் ஸ்பூமி கடன் திட்டம் இந்தியத் தொழில்முனைவோருக்கென்றே உள்ளது. சிறுகடன் அமைப்பான அமானா இக்தியார் 2024-இல் இந்தியப் பெண்களுக்காகப் ‘பெண்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பதிவும் ஒழுங்கான கணக்கும் உள்ளவருக்கே இக்கதவுகள் எளிதில் திறக்கும்.

வேலையை எப்போது விடுவது என்ற கேள்விக்குத் தொழில் வருமானம் சம்பளத்தை எட்டும்போது என்று பதில் சொல்வது வழக்கம், அது போதாது. 4,000 வெள்ளிச் சம்பளத்துக்கு முதலாளி ஊழியர் சேமநிதியில் செலுத்தும் 13 விழுக்காடு 520 வெள்ளி. சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கான பங்கும் மருத்துவ அட்டையும் அதற்கு மேல். தானாக விலகியவருக்கு வேலைக் காப்புறுதித் திட்டம் உதவித்தொகை தருவதில்லை. ஆகவே மாதம் 4,520 வெள்ளியைத் தாண்டியும், தீபாவளி மாதத்தில் மட்டுமல்லாது சந்தை மந்தமான மாதங்களிலும் தொழில் கொடுக்கிறதா என்று ஓர் ஆண்டாவது பார்த்த பிறகே பணித்துறப்புக் கடிதம் எழுதத் தகும். தொடங்க நினைப்பவர்கள், வரும் விடுமுறை நாளில் பழைய கோப்பைத் திறந்து நியமனக் கடிதத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, அதன் பிறகு எஸ்எஸ்எம் தளத்தில் கடைப்பெயர் தேடுவது நல்லது.