துணுக்குச் செல்வம்

ஆனி மாதம் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடைபெறும்போதெல்லாம் கே. பி. சுந்தராம்பாளின் கணீரென்ற குரல் நம் செவியில் ஒலிக்கும். 1973-ல் வெளிவந்த 'காரைக்கால் அம்மையார்' படத்தில் அம்மையாராகத் தோன்றிப் பாடியவர் அவரே. இதனைப் பலரும் அறிவர். அதே பெயரில் 1943-லேயே வேறொரு படம் வந்ததை எத்தனை பேர் அறிவர்?

இத்தகைய துணுக்குகளைச் சேர்ப்பதில் நமக்குத் தீராத மோகம். "இது சோறு போடுமா?" என்கிறார்கள் வீட்டார். போடாதுதான். ஆனால் சிதறிக் கிடந்த துணுக்குகள் திடீரென்று ஒன்று சேரும் இன்பத்தை என்னென்பது!

காங்கிரஸ் மேடைகளில் தேசியப் பாடல்களை முழங்கிய அவ்வம்மையார் பிறந்த கொடுமுடி, காவிரிக் கரையில் உள்ளது. 1940-ல் அவர் புகார் நகரத்து மணிமேகலை. 1964-ல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். 1973-ல் காரைக்கால் அம்மையார். பூம்புகாரில் காவிரி கடலோடு கலக்கிறது. காரைக்காலில் அதன் கிளையாகிய அரசலாறு கலக்கிறது. நதி சென்ற வழியே குரலும் சென்றிருக்கிறதன்றோ!

இவற்றுக்குச் சாட்சியான பழைய பாட்டுப் புத்தகங்களும் இசைத்தட்டுகளும் பரணில் செல்லரிக்கின்றன. அல்லது எடைக்குப் போகின்றன. நேயர்களே, தராசில் வைக்குமுன் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். நம் நாட்டுச் சங்கீத சரித்திரத்தின் ஒரு வரி அதிலே இருக்கலாம்.