பறக்கத் துணிந்தவர்கள் – 7: கோணல் கால் சாம்பியன்

சென்ற வாரம் பின்லாந்தின் பனிச்சறுக்குத் தாவல் வீரர் மட்டி நுக்கானெனைக் கல்காரி குளிர்கால ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கங்களோடு விட்டுவந்தோம். கால்களில் கட்டிய இரண்டு நீளப் பலகைகளும் ஒட்டினாற்போல் இணையாக நிற்க, அவற்றின்மேல் உடலைச் சாய்த்துப் பறந்தார் அவர். 1988இல் அழகு என்றால் அதுதான்.

அதே கல்காரிக்கு சுவீடனிலிருந்து வந்திருந்த யான் போக்லோவின் பலகைகள் இணையவே இல்லை. குதிகால் பக்கம் நெருங்கி, நுனிகள் இரண்டும் விலகி, ‘வி’ எழுத்தாய் விரிந்து நின்றன. நடுவர்கள் மதிப்பெண்ணை வெட்டினார்கள்.

போக்லோவ் 1966இல் பிறந்தவர். ஊர், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, இரும்புச் சுரங்கங்கள் நிறைந்த யெல்லிவாரே வட்டாரம். அவர் இந்தக் கோணத்தைத் தேடிப் போகவில்லை. 1980களின் நடுவில் ஃபாலுன் நகரில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, ஒரு தாவலில் கால்கள் தாமாக விரிந்துவிட்டன. விழுந்திருக்க வேண்டியவர், வழக்கத்தைவிடத் தள்ளிப்போய் இறங்கினார். தவறிப்போனதைத் திருத்தாமல், அதையே மறுபடி மறுபடி செய்து பார்த்தார்.

ஏன் தள்ளிப்போனார்? சறுக்குமேடையின் விளிம்பை விட்டுக் கிளம்பும்போது வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். பலகைகள் இணையாக இருந்தால் அவை உடலுக்கு நேர் கீழே வந்துவிடும். கீழிருந்து வரும் காற்றை உடல் முழுதாக வாங்க முடியாது. விரித்தால், நடுவில் உடல், இரு பக்கமும் பலகைகள். மூன்றின்மேலும் காற்று மோதும். பலத்த காற்றில் முறத்தைப் பிடித்து நின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பின்னாளில் காற்றுச் சுரங்கச் சோதனைகள் தூக்குவிசை சுமார் 28 சதவீதம் கூடுவதாகக் காட்டின.

சிக்கல் மதிப்பெண் அட்டையில் இருந்தது. இந்த விளையாட்டில் தூரத்துக்கும் மதிப்பெண் உண்டு, பாணிக்கும் உண்டு. ஐந்து நடுவர்கள் ஆளுக்கு 20 வரை தருவார்கள். அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் நீக்கிவிட்டு மற்ற மூன்றைக் கூட்டுவார்கள். அந்த மூன்று பேரும் ஆளுக்கு 3 குறைத்தால் 9 போயிற்று. பெரிய மேட்டில் ஒரு மீட்டருக்கு 1.8 என்ற இன்றைய கணக்கில், அதை ஈடுகட்ட இன்னும் 5 மீட்டர் பறந்தாக வேண்டும். ஒவ்வொரு முறையும் இப்படிக் கடனோடுதான் போக்லோவ் மேடையேறினார்.

கடனைத் தூரத்தால் அடைத்தார். 1988 டிசம்பரில் அமெரிக்காவின் லேக் பிளாசிடில் முதல் உலகக் கோப்பை வெற்றி. அந்தப் பருவத்தில் மொத்தம் ஐந்து. 1989இல் ஒட்டுமொத்த உலகக் கோப்பையும் அவர் கைக்கு வந்தது. சுவீடன்காரர் ஒருவர் அதை வென்றது அதுவே முதல் முறை.

அதற்குப் பிறகு அவர் பாணி ஜெயித்தது, அவர் தோற்றார். கேலியாகப் பார்த்தவர்களே காலை விரிக்கக் கற்றுக்கொண்டார்கள். நடுவர்களும் இறங்கிவந்து வெட்டுவதை நிறுத்தினார்கள். எல்லாரும் விரித்தபின் அவரிடம் தனியாக எதுவும் மிஞ்சவில்லை. 1992 ஆல்பர்வில் ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் இரண்டும் ‘வி’ பாணிக்கே போயின. பதக்கப் பட்டியலில் போக்லோவின் பெயர் இல்லை. சிறிது காலத்தில் ஓய்வும் பெற்றார்.

அந்த இரண்டு தங்கத்தில் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டவன் பதினாறு வயதுப் பையன். அவனும் பின்லாந்துக்காரன்தான்.

(அடுத்த வாரம்: டோனி நியெமினென்)